"மஸ்ட்" என்றால் "வேண்டும்"தானே, டீச்சர்?

வணக்கம் டீச்சர். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் ஆறு வருடமாகக் கிராணி (எழுத்தர்) வேலை பார்க்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்தவள். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) ஆங்கிலத்தில் ஏதோ தேறிவிட்டேன், மலாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. இந்த வருடம் வந்த புது மேனேஜருக்கு எல்லாமே ஆங்கிலம்தான். அவர் வந்ததிலிருந்து "மஸ்ட்" என்ற ஒரு சொல்லை வைத்து மூன்று முறை மாட்டிக்கொண்டேன். தலைமை அலுவலகத்துக்கு "யூ மஸ்ட் சென்ட் தி பே ஸ்லிப்ஸ் பிஃபோர் ஃப்ரைடே" என்று மின்னஞ்சல் அனுப்பினேன். அங்கிருந்த ஓர் அதிகாரி மேனேஜரைக் கூப்பிட்டு, "உங்கள் கிராணி எங்களுக்கே உத்தரவு போடுகிறாரா?" என்று கேட்டுவிட்டார். அடுத்து, ஒரு பொது விடுமுறைக்கு முன்பு மேனேஜர், "டெல் தெம் தே டோன்ட் ஹேவ் டு கம் ஆன் மண்டே" என்றார். "மஸ்ட்"டும் "ஹேவ் டு"வும் ஒன்றுதானே என்று நினைத்து, "திங்கட்கிழமை வர வேண்டாமாம்" என்று தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொன்னேன். ஒருவரும் வரவில்லை. வந்திருந்தால் விடுமுறை நாள் சம்பளம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். குலை வெட்டும் ஒரு புருஷன் பெண்சாதி இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மூன்றாவது, சம்பள நாளன்று மேனேஜர் என் மேசைப் பக்கம் வந்து "யூ மஸ்ட் பி பிசி" என்றார். சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று குத்திக் காட்டுகிறார் என நினைத்து, கழிவறைக்குப் போய் அழுதேன். ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகனுக்கு "மஸ்ட்" என்றால் "வேண்டும்" என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தப்பா டீச்சர்?

— தோட்டத்துக் கிராணி, பேராக்

தங்கச்சி, தப்பில்லை. ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியை உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இந்த ஊர் இடைநிலைப் பள்ளியில் 31 வருடம் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவள் நான். உங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு நாங்களும் "மஸ்ட்: வேண்டும்" என்று கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறோம். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கண்ணீரைத் துடைத்துவிடுவோம். "யூ மஸ்ட் பி பிசி" என்று உங்கள் மேனேஜர் சொன்னது கட்டளையே இல்லை. "ரொம்ப வேலையா இருப்பீங்க போல" என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். சம்பள நாளில் கிராணி மேசை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு ஒரு பக்கம், முன்பணக் கணக்கு ஒரு பக்கம், வாசலில் நாலு பேர். அதைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு மூச்சு விட நேரமிருக்காது என்று அவர் ஊகித்திருக்கிறார். அந்த ஊகத்தைச் சொல்லவும் ஆங்கிலத்தில் "மஸ்ட்"தான்.

இது உங்களுக்குப் புதிதும் இல்லை. நாள் முழுக்க நீங்கள் பேசும் மலாயிலேயே இருக்கிறது. "டியா மெஸ்தி பெனாட்" என்று யாராவது சொன்னால், அவன் களைத்துப்போக வேண்டும் என்று கட்டளை போடுவதாகவா எடுத்துக்கொள்வீர்கள்? பாவம், களைத்திருப்பான் என்றுதானே? "மெஸ்தி" ஒரு சமயம் கட்டாயத்தைச் சொல்லும், ஒரு சமயம் "நிச்சயம் இப்படித்தான் இருக்கும்" என்ற ஊகத்தைச் சொல்லும். "மஸ்ட்"டும் அப்படியே. நம் தமிழ்தான் இங்கே வேறு வழியில் போகிறது. பேச்சில் நாம் ஊகத்தை "இருக்கும்", "போயிருப்பான்" என்று முடித்துவிடுகிறோம். குலை ஏற்ற வர வேண்டிய லாரி பத்து மணியாகியும் வரவில்லை, ராத்திரி நல்ல மழை. "லாரி சேத்துல மாட்டியிருக்கும்" என்கிறார் மண்டோர். அதை ஆங்கிலத்தில் "தி லாரி மஸ்ட் பி ஸ்டக்" என்று சொல்ல வேண்டும். தமிழில் "வேண்டும்" வராத இடத்தில் ஆங்கிலத்தில் "மஸ்ட்" வந்து நிற்கிறது. அதனால்தான் உங்கள் காதில் அது கட்டளையாக விழுந்தது.

எது கட்டளை, எது ஊகம் என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. "மஸ்ட்"டுக்குப் பின்னால் "பி" வந்து, அதற்கப்புறம் ஒருவருடைய நிலைமையைச் சொல்லும் சொல் வந்தால், அதாவது டயர்ட், ஹங்ரி, பிசி, நியூ போல வந்தால், பெரும்பாலும் ஊகம்தான். "யூ மஸ்ட் பி தி நியூ கிளார்க்" என்றால் "நீங்கதான் புதுக் கிராணியா?" என்று அர்த்தம். மாறாக சென்ட், சைன், ரிப்போர்ட் என்று ஒரு செயல் வந்தால் கட்டாயம். "பி" வந்தும் கட்டளையாக இருப்பது உண்டு. "யூ மஸ்ட் பி ஹியர் அட் செவன்" என்றால் ஏழு மணிக்கு இங்கே இருந்தாக வேண்டும். அங்கே மணிக்கணக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

ஊகத்தை மறுக்கும்போது பெரும்பாலும் "மஸ்ட் நாட்" வராது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்தவர் சட்டை காய்ந்திருந்தால் "இட் கான்ட் பி ரெய்னிங்" என்பார்கள். இப்போது மழை பெய்துகொண்டிருக்க வாய்ப்பே இல்லை என்று சொல்ல "கான்ட்"தான்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கிய இடம் இதுதான், ஏனென்றால் இதே சொல்லில் நானும் விழுந்திருக்கிறேன்.

1989இல் என் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சை. முன்தினம் மாலை டாக்டர் வந்து, "ஷி மஸ்ட் நாட் ஈட் ஆர் ட்ரிங்க் எனிதிங் ஆஃப்டர் மிட்நைட்" என்று என்னிடம் சொன்னார். ஆங்கில டீச்சர் மகள் பக்கத்தில் இருக்கிறாள், அவள் சொல்லிவிடுவாள் என்ற நம்பிக்கை அவருக்கு. நான் கட்டில் ஓரம் உட்கார்ந்து, "ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிட வேண்டாமாம்மா" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அம்மா 27 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். விடிவதற்கு முன்பே எழுந்து, ஒரு கோப்பை கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) குடித்துவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நின்ற உடம்பு அது. ஆஸ்பத்திரியிலும் ஐந்து மணிக்கு விழித்துவிட்டார். பக்கத்துக் கட்டில் அம்மாவின் பிளாஸ்க்கிலிருந்து கோப்பி ஓ வாங்கி, இரண்டு மரி பிஸ்கட்டை அதில் நனைத்துச் சாப்பிட்டிருக்கிறார். ஆபரேஷன் அன்று நடக்கவில்லை. ஒரு வாரம் தள்ளிப் போய்விட்டது. அந்த ஒரு வாரமும் அவருக்கு வலி. நான் கோபித்துக்கொண்டபோது அம்மா அமைதியாகக் கேட்டார்: "வேண்டாம்னுதானே சொன்ன. கூடாதுன்னா சொன்ன?"

அம்மா சொன்னது சரி. "வேண்டாம்" என்ற சொல்லுக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒன்று, செய்யாதே. "அவனோட சேர வேண்டாம்" என்கிறோமே, அது. இன்னொன்று, செய்யத் தேவையில்லை. "நீங்க காசு கொடுக்க வேண்டாம், நான் கொடுத்துட்டேன்" என்கிறோமே, அது. பேசுகிறவர் முகத்தையும் குரலையும் வைத்து எது என்று நாம் புரிந்துகொள்கிறோம். அந்தச் சொல்லை இன்னொருவர் வாயில் கொடுத்து அனுப்பும்போது முகமும் குரலும் கூடப் போவதில்லை. டாக்டர் "கூடாது" என்று சொன்னதை நான் "வேண்டாம்" என்றேன், அம்மா "தேவையில்லை" என்று எடுத்துக்கொண்டார். உங்கள் மேனேஜர் "தேவையில்லை" என்று சொன்னதை நீங்கள் "வேண்டாம்" என்றீர்கள், மண்டோர் "வரக்கூடாது" என்று எடுத்துக்கொண்டார். என் கதை தலைகீழாக உங்கள் தோட்டத்தில் நடந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் "மஸ்ட்"டும் "ஹேவ் டு"வும் ஆமாம் என்று சொல்லும்போது ஒட்டிப் பிறந்தவை போல இருக்கும். இல்லை என்று சொல்லும்போது கிழக்கும் மேற்குமாகப் பிரிந்துவிடும். "யூ மஸ்ட் நாட் கம்" என்றால் வரக்கூடாது, தடை. "யூ டோன்ட் ஹேவ் டு கம்" என்றால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, கட்டாயமில்லை. இங்கேயும் மலாய் உங்களுக்குக் கை கொடுக்கும். "ஜாங்கான் டாத்தாங்" என்பதற்கும் "தாக் பாயா டாத்தாங்" என்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தூக்கத்திலும் தெரியும். "மஸ்ட் நாட்" வந்தால் "ஜாங்கான்" என்று மனசுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், "டோன்ட் ஹேவ் டு" வந்தால் "தாக் பாயா". அங்கிருந்து தமிழுக்கு வாருங்கள்: முதலாவது "கூடாது", இரண்டாவது "கட்டாயமில்லை". ஒருவர் சொன்னதை இன்னொருவருக்குக் கடத்தும் வேலையில் "வேண்டாம்" என்ற சொல்லையே எடுக்காதீர்கள். வீட்டில், கடையில், சமையலறையில் தாராளமாகப் பேசுங்கள். ஆபீஸ் அறிவிப்பிலும் மருந்துச் சீட்டிலும் அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

காதால் கேட்கும்போது இன்னொரு சிக்கல் வரும். "மஸ்ட் நாட்" என்று யாரும் நிறுத்தி நிறுத்திச் சொல்வதில்லை, சேர்த்து "மஸன்ட்" என்பார்கள். நடுவில் இருக்கும் முதல் "ட்" ஒலிக்காது. வேகமாகப் பேசுகிறவரிடம் கேட்டுச் சந்தேகம் வந்தால், "ஸோ தே கேன் கம் இஃப் தே வான்ட்?" என்று திருப்பிக் கேளுங்கள். ஒரு நிமிடக் கேள்வி, இரண்டு பேருடைய ஒரு நாள் சம்பளத்தைக் காப்பாற்றும். இப்படிக் கேட்டால் ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவாரோ என்று கூச்சப்படாதீர்கள். நல்ல மேனேஜர் எவரும் இதைக் கவனமென்றுதான் எடுத்துக்கொள்வார்.

சரி, அந்த மின்னஞ்சல். தமிழில் நீங்கள் மனசுக்குள் எழுதிய வாக்கியம் எனக்குக் கேட்கிறது: "வெள்ளிக்கிழமைக்குள் சம்பளச் சீட்டுகளை அனுப்பி வைக்க வேண்டும்." இதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. ஏனென்றால் "வேண்டும்" ஆசையிலிருந்து பிறந்த சொல். கோயிலில் வேண்டிக்கொள்கிறோம், "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்கிறோம், வேண்டுகோள் விடுக்கிறோம். அதற்குள் ஒரு கேட்கும் குரல் எப்போதும் இருக்கிறது. "மஸ்ட்"டில் அந்தக் குரல் கிடையாது. "யூ மஸ்ட்" என்று எதிரில் இருப்பவரைப் பார்த்துச் சொன்னால், சொல்பவர் தன் அதிகாரத்தை அவர் தோளில் வைக்கிறார். டாக்டர் நோயாளியிடம் சொல்லலாம், அம்மா பிள்ளையிடம் சொல்லலாம். தோட்டத்துக் கிராணி தலைமை அலுவலகத்திடம் சொன்னால் அவர்களுக்குச் சுருக்கென்று தைக்கிறது. நீங்கள் வேண்டிக் கேட்டது அவர்களுக்கு ஏவலாகப் போய்ச் சேர்ந்தது.

அடுத்த முறை இப்படி எழுதுங்கள்: "குட் யூ ப்ளீஸ் சென்ட் அஸ் தி பே ஸ்லிப்ஸ் பை ஃப்ரைடே?" அதற்கடுத்த வரியில் காரணம்: "வீ நீட் தெம் ஃபார் ஸாட்டர்டேஸ் பே அவுட்." காரணம் சொன்னால் அவசரம் தானாகப் புரியும், யாரும் யாரையும் ஏவியதாக இருக்காது. அப்புறம், "பிஃபோர் ஃப்ரைடே" என்றால் வியாழனோடு முடிந்தது, "பை ஃப்ரைடே" என்றால் வெள்ளிக்கிழமையும் சேர்த்தி. நீங்கள் வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுக்க நினைத்திருந்தால், உங்களை அறியாமல் ஒரு நாளைப் பிடுங்கிக்கொண்டீர்கள்.

இதற்காக "மஸ்ட்"டை ஆபீசிலிருந்தே துரத்திவிடாதீர்கள். விதியைச் சொல்லும்போது அதை விடப் பொருத்தமான சொல் இல்லை. மாதா மாதம் ஊழியர் சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டுகிறீர்களே, அதைப் பற்றி எழுதும்போது "தி கான்ட்ரிபியூஷன்ஸ் மஸ்ட் பி பெய்ட் பை தி ஃபிஃப்டீந்த்" என்று தைரியமாக எழுதுங்கள். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதமானால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அங்கேயும் "தி ஃப்ரூட் மஸ்ட் ரீச் தி மில்" என்பது சரிதான். இரண்டு வாக்கியத்தையும் பாருங்கள், "யூ" எங்கேயும் இல்லை. ஒன்றில் சந்தா முன்னால் நிற்கிறது, இன்னொன்றில் குலை. கட்டாயம் விதியிலிருந்தும் பழத்திலிருந்தும் வருகிறது, உங்களிடமிருந்து இல்லை என்று வாக்கியமே சொல்லிவிடுகிறது.

உங்கள் சொந்த நிர்ப்பந்தத்தைச் சொல்ல "ஐ ஹேவ் டு" இயல்பாக இருக்கும். "ஐ ஹேவ் டு டேக் மை சன் டு தி கிளினிக்" என்று லீவு கேளுங்கள். கேள்வி கேட்கும்போதும் "மஸ்ட் ஐ சைன்?" என்பதை விட "டூ ஐ ஹேவ் டு சைன்?" என்றுதான் இன்று பெரும்பாலோர் பேசுகிறார்கள்.

"வேண்டும்" என்பதும் "மஸ்ட்" என்பதும் தோளில் கை போட்டுக்கொண்டு நடக்கும் ஓர் இடமும் உண்டு, அது விருந்தழைப்பு. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு அழைக்கும்போது "கண்டிப்பா வரணும்" என்கிறோமே, அதே அன்போடு "யூ மஸ்ட் கம்!" என்று மேனேஜரிடம் சொல்லலாம். அதில் அவருக்கு ஒரு குறையும் தெரியாது, மகிழ்ந்துதான் போவார். ஊருக்குப் புதியவர் என்றால், "யூ மஸ்ட் சீ தி ஓல்ட் ரப்பர் ட்ரீ இன் குவாலா கங்சார்" என்றும் சொல்லுங்கள். 1877இல் அங்கே நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மரமாகி இன்னும் நிற்கிறது. தோட்டத்தை நடத்த வந்தவர் அதைப் பார்க்காமல் போகலாமா? கேட்பவருக்கு நன்மையான ஒன்றை வற்புறுத்தும்போது "மஸ்ட்" உபசாரமாகிவிடுகிறது.

ஆனால் ஆசீர்வாதத்துக்கு அது ஆகாது. "நீ நல்லா இருக்கணும்" என்ற நினைப்போடு பிறந்தநாள் அட்டையில் "யூ மஸ்ட் பி ஹேப்பி ஆல்வேஸ்" என்று எழுதும் பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். ஆங்கிலக் காதுக்கு அது "எப்போதும் சந்தோஷமாக இரு" என்ற கட்டளையாகவோ, "நீ எப்போதும் சந்தோஷமாகத்தான் இருப்பாய் போல" என்ற ஊகமாகவோ கேட்கும். "ஐ ஹோப் யூ ஆர் ஆல்வேஸ் ஹேப்பி" என்று எழுதினால் உங்கள் மனசு அப்படியே போய்ச் சேரும்.

நேற்று நடந்ததைச் சொல்லும்போது கவனம். "மஸ்ட்"டுக்கு இறந்தகால உருவம் கிடையாது. பழைய ஆங்கிலத்தில் இதுவே "மோட்டான்" என்ற வினையின் இறந்தகால உருவமாக இருந்தது, அன்று அதற்கு "அனுமதி உண்டு" என்று அர்த்தம். அந்த இறந்தகாலம் மெல்ல நிகழ்காலமாகி, அனுமதி கட்டாயமாகிவிட்டது. அதனால் "போக வேண்டியிருந்தது" என்று சொல்ல "ஹேவ் டு"விடம் கடன் வாங்கி "ஹேட் டு கோ" என்கிறார்கள். "மஸ்ட் ஹேவ் கான்" என்றால் "போயிருப்பார்" என்ற ஊகம். "நேத்தே சொல்லியிருக்கணும்" என்று நாம் குறைபட்டுக்கொள்கிறோமே, அதற்கு "மஸ்ட்" உதவாது, "யூ ஷுட் ஹேவ் டோல்ட் மீ" என்பதுதான்.

மகனுக்கு இவ்வளவையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம், அதாவது தேவையில்லை. "மஸ்ட்"டுக்குப் பின்னால் "டு" போடாதே, வினையோடு "எஸ்" ஒட்டாதே, "ஹி மஸ்ட் கோ" என்று வெறும் வினையை மட்டும் வை என்று இந்த வாரம் சொல்லுங்கள். அடுத்த வாரம் வானம் கறுத்திருக்கும்போது அவனை வாசலுக்குக் கூட்டிப்போய், "இட் மஸ்ட் பி ரெய்னிங் இன் தி ஹில்ஸ்" என்று மலைப் பக்கம் காட்டுங்கள். மழை அங்கே கட்டாயமாகப் பெய்ய வேண்டும் என்று யாரும் உத்தரவு போடவில்லை என்பது அவனுக்கே புரிந்துவிடும்.

அந்தப் புருஷன் பெண்சாதியிடம் நேரில் போய், நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மேனேஜரிடமும் சொல்லி, அடுத்த விடுமுறை வேலைக்கு அவர்களை முதலில் கேட்க முடியுமா என்று பாருங்கள். அன்றைக்கு அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்ட வேண்டியதை இங்கேயே எழுதித் தருகிறேன். தமிழ் தெரியாத தொழிலாளர்களும் இப்போது தோட்டத்தில் இருப்பார்கள், அவர்களுக்கு மலாயிலும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். நாளையும் கிழமையையும் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்:

"திங்கட்கிழமை பொது விடுமுறை. அன்று வேலை கட்டாயமில்லை. வேலை செய்ய விரும்புகிறவர்கள் வரலாம், விடுமுறை நாள் சம்பளம் உண்டு. வருகிறவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் மண்டோரிடம் பெயர் கொடுக்கவும். கெர்ஜா ஹாரி இஸ்னின் தீடாக் வாஜிப். சியாப்பா மாவ் கெர்ஜா, போலே டாத்தாங்."